மயில்கழுத்துக் கதவும் அத்தையின் ஆணிகளும்

நம் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குப் புதிதாக எது வந்தாலும் பின்னாலேயே அதற்கு ஓர் உறையும் வந்துவிடும். டிவிக்குப் பூப்போட்ட துணி, மிக்ஸிக்கு ஒரு சட்டை, சோபாவுக்குப் பிளாஸ்டிக், ரிமோட்டுக்குப் பாலித்தீன் பை. பொருளை நாம் பார்த்ததைவிட உறையைப் பார்த்ததுதான் அதிகம். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய் வாசல் கதவுக்கே உறை போட்டோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே போட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. நூல் கோர்க்கும்போதெல்லாம் அத்தை ஞாபகம் வருகிறாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடேயே இருந்தவள். அவள் ஞாபகம் வந்தால் பின்னாலேயே எங்கள் பழைய வாசல் கதவும் வந்துவிடுகிறது. அந்த இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததே இல்லை.

அப்போது தொம்மலூரில் பழைய ஊர்ப்பக்கம் இருந்தோம். தாத்தா வாங்கிப் போட்ட சின்ன வீடு. ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப வழியில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியே போகவேண்டிய சந்து அது. எதிர் வீட்டுக் குக்கரின் விசிலை எங்கள் அம்மாதான் எண்ணிச் சொல்வாள். வெளியே பெரிய ரோட்டில் கண்ணாடி வைத்த ஆபீஸ்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. சந்துக்குள் கோழிகள் மேய்ந்தன, குழாயடியில் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து சண்டை நடந்தது.

அப்பாவுக்குச் சர்க்கார் ஆபீசில் வேலை. எதையும் வீணாக்க மனசு வராதவர். ஒரு பொங்கலுக்கு ஜன்னல் அடித்தது போக மிஞ்சிய நீலப் பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. யார் வீட்டு இரும்பு கேட்டுக்கோ வாங்கி மிஞ்சிய பச்சை கொஞ்சம் கிடைத்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் ஊற்றிக் குச்சியால் கலக்கி, அப்பாவே பனியனோடு நின்று கதவுக்கு அடித்தார். காய்ந்த பிறகு அது என்ன நிறம் என்று சந்தில் பெரிய விவாதமே நடந்தது. நீலம் என்றவர்களும் உண்டு, பச்சை என்று சாதித்தவர்களும் உண்டு. அத்தைதான் வெளியே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மயில்கழுத்து" என்றாள். துணியோடு பழகியவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று என்று இரண்டு உண்டு. இரண்டையும் யாரும் சீண்டியதில்லை. தமிழ்க்காரர்களுக்கு மயில் கதவு வீடு, கன்னடக்காரர்களுக்கு நவிலு பாகிலு மனெ. தபால்காரருக்கும் அதேதான்.

அத்தை கல்யாணமாகிப் போன வேகத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வந்தபோது அவளோடு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் கால்மிதி தையல் மெஷினும். மெஷினை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். காலையில் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை சாத்துகிற வழக்கமில்லை.

கதவின் தெருமுகத்தில் அத்தை வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தாள். தைத்து முடித்த ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி அந்த ஆணியில் தொங்கவிடுவாள். கோயில் பக்கமிருந்து சந்துக்குள் வருகிறவர்கள் கண்ணில் திறந்த கதவின் அந்த முகம் நேராகப் படும். போன் எல்லாம் யார் வீட்டில் இருந்தது? அவரவர் துணி ஆணியில் தொங்குவதைப் பார்த்தால், ஆயிற்று, வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். காய்கறி வாங்கப் போகிறவள், பிள்ளையை ஸ்கூலில் விட்டுத் திரும்புகிறவள், நடந்தபடியே கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்ப்பாள். தன் அரக்குச் சிவப்பு அங்கே இருந்தால் நேரே படியேறி வந்துவிடுவாள். இல்லாவிட்டால், "அக்கா, நன்து இன்னூ ஆகில்வா?" என்று நடையை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போவாள். தன்னுடையது இன்னும் ஆகவில்லையா என்ற கேள்விக்கு அத்தையும் தலையைத் தூக்காமலே, "நாளிகெ பாரம்மா, நாளைக்கு வா" என்று இரண்டு பாஷையிலும் சொல்வாள். துணி வாங்க வந்தவர்கள் சும்மா போகமாட்டார்கள். படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் பேசிவிட்டு, போகும்போது பக்கத்து ஆணியில் தொங்குகிற ஜாக்கெட்டின் கழுத்தைப் பார்த்து, எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்பார்கள். அத்தைக்குப் போர்டும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அந்தக் கதவுதான் எல்லாம்.

காவிரித் தகராறு நடந்த அந்த வருஷம் மட்டும் சில நாட்கள் பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். எனக்கு விவரம் புரியாத வயது. எதிர் வீட்டு ஆண்ட்டி கன்னடக்காரர், அத்தையிடம் தைப்பவர். அவர்தான் ஒரு காலையில் வந்து எங்கள் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "நானு இல்லே கூத்திர்தீனி, நீவு பாகிலு தெகீரி" என்றாராம். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் கதவைத் திறங்கள் என்று. அன்றைக்குத் திறந்த கதவை அதற்குப் பிறகு யாருக்காகவும் பகலில் சாத்தவில்லை என்று அம்மா சொல்வாள். ரோஸ்வுட் கலர் வரும்வரை.

அக்கா பி.காம். முடித்து வீட்டில் இருந்த சமயம் அது. ஆனேக்கல்லில் ஒரு நல்ல இடம், சொந்த வீடு, பையனுக்கு பாங்க் வேலை என்று பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. அதே மாதம் அப்பா தன் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்கு எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனார். ஜே.பி. நகர் தாண்டி ஒரு புது லே அவுட். வீட்டை விடுங்கள், அந்த வாசல் கதவு இருக்கிறதே! கலசம், மாவிலை, கொடி எல்லாம் செதுக்கி, கருஞ்சிவப்பாக மெருகேற்றி, எதிரே நின்றால் நம் முகம் தெரிகிற மாதிரி. அப்பா தன் முகத்தை அதில் பார்த்தார். அப்போதே எங்கள் மயில் கதவின் ஆயுள் முடிந்துவிட்டது. சாப்பாட்டில் ஒப்பட்டுப் போளி நன்றாக இருந்ததா என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "என்ன ஒரு லுக்கு பாத்தியா" என்றார்.

மறுநாளே அத்தையிடம் பேச்சை எடுத்தார்.

"இங்க பாரும்மா, ஆனேக்கல்காரங்க வர்றப்போ வாசல்லயே நாலு ஜாக்கெட் தொங்கினா நல்லாவா இருக்கும்?"

அத்தை மெஷினை நிறுத்தவில்லை. "தொங்கறது ஊரார் ஜாக்கெட்தானேண்ணா. நம்ம மானம் ஒண்ணும் தொங்கலியே."

"கிண்டல் பண்ணாத. பாலிஷ் கதவு ஒண்ணு போடலாம்னு இருக்கேன்."

இப்போது மெஷின் நின்றது. அத்தை சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கதவைப் பார்த்தாள்.

"போடுங்கண்ணா. பொண்ணுக்கு நல்லது நடக்கும்னா நான் எதுக்குக் குறுக்க நிக்கறேன்? ஆணிங்க மட்டும் திருப்பி அடிச்சுக் குடுத்துடுங்க."

"பாலிஷ் கதவுல ஆணியா?" என்று அப்பா நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

தேக்கு கைக்கு எட்டவில்லை. மைசூர் ரோடு மரக்கடையில் அலைந்து அப்பா வேங்கை மரம் வாங்கினார். ஆசாரி எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இழைத்து, நண்பர் வீட்டுக் கதவில் இருந்த மாதிரியே கலசமும் கொடியும் செதுக்கியபோது மரம் மஞ்சளும் பழுப்புமாக, ஆற்றிய டீ நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். அப்பா கேட்கவில்லை. நண்பர் வீட்டில் பார்த்தது ரோஸ்வுட் கலர், ஆகவே ரோஸ்வுட் கலர்தான். ஒரு மரத்துக்கு இன்னொரு மரத்தின் வேஷம் போடுவது என்று முடிவாயிற்று.

சாயம் ஏற்றவும் பாலிஷ் போடவும் சிவாஜி நகரிலிருந்து ஒரு பாய் வந்தார். துண்டுப் பலகைகளில் வெவ்வேறு சாயத்தைத் துணியால் தேய்த்துப் படியில் வரிசையாக நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்டார். அத்தை எட்டிப் பார்த்து, "இது காபிப் பொடி, இது பேரீச்சம்பழம், இது போன வருஷத்து நெல்லிக்காய் ஊறுகா" என்று பெயர் வைத்தாள். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா ஊறுகாயைத் தேர்ந்தெடுத்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஸ்பிரிட் வாசனை, அரக்கு வாசனை. பாய் பஞ்சுப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்கப் பலகையில் பளபளப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஹோம்வொர்க்கை மறந்து நிற்பேன். இன்றைக்கும் யாராவது மரச்சாமானுக்குப் பாலிஷ் போட்டால் அந்த வாசனைக்காக அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

நல்ல நேரம் பார்த்து ஒரு காலையில் பழைய கதவைக் கழற்றினார்கள். புதியது ஏறும் வரை பாதி நாள் எங்கள் வீட்டுக்குக் கதவே இல்லை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் மிகச் சந்தோஷமான பாதி நாள் அதுதான். வருகிறவர் போகிறவரெல்லாம் உள்ளே வந்தார்கள், எதிர் வீட்டு ஆண்ட்டி மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டு வந்தார், வீடு முழுக்க வெயில். மயில் கதவைப் பால்காரர் தன் மாட்டுக் கொட்டகைக்கு வேண்டும் என்று கேட்டு, ஆணிகளோடேயே தலையில் தூக்கிக்கொண்டு போனார். சந்து முனை திரும்பும் வரை அந்த நிறம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் எல்லோரும் புதுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

போகும்போது பாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "சார், மேற்குப் பார்த்த வாசல். சாயங்கால வெயில் நேரா அடிச்சா கலர் வெளுத்துடும். கொஞ்சம் ஜாக்கிரதையா பாத்துக்கோங்க."

அந்தக் கொஞ்சம் ஜாக்கிரதையை அப்பா எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் தெரியுமா? கட்டிலில் விரிக்கிற பழைய பெட்ஷீட் ஒன்றைக் கதவின் மேல்விளிம்பில் செருகித் தெருப்பக்கம் தொங்கவிட்டார். மத்தியானமானால் கலசமும் கொடியும் பெட்ஷீட்டுக்குள் போய்விடும். ராத்திரிதான் வெளியே வரும், ராத்திரி யார் பார்ப்பது? கதவு இனிமேல் திறந்தே கிடக்கக் கூடாது. காற்றில் அடித்துக்கொண்டால் மூலை உடையும். கை படக் கூடாது. பட்டால் அப்பா மஞ்சள் துணியோடு வந்து துடைப்பார், துடைத்துக்கொண்டே யார் விரல் என்று விசாரிப்பார். குருவி மாதிரி கத்தும் ஒரு காலிங் பெல்லும் வந்தது. அத்தையின் மெஷின் வாசலைவிட்டு உள்ளே சமையலறைக்குப் போகிற வழியில் ட்யூப் லைட்டுக்குக் கீழே போயிற்று. தைத்த ஜாக்கெட்டுகள் பீரோவுக்குள் போயின.

மழைக்காலம் வந்ததும் கதவு உப்பிக்கொண்டு, நிலையோடு ஒட்டிக்கொண்டது. தோளால் முட்டித்தான் திறக்கவேண்டும். குருவி கத்தி, உள்ளேயிருந்து ஓடிவந்து, முட்டித் திறப்பதற்குள் வெளியே நிற்கிறவர்கள் சங்கடப்பட்டுப் போய்விடுவார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர் வரவில்லை. பிறகு வாரத்தில் பாதி நாள் மெஷின் சும்மா இருந்தது.

எங்கள் வீட்டில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "ரெடிமேட் காலம்மா இது. எல்லாம் சுடிதாருக்கும் நைட்டிக்கும் போயிட்டாங்க" என்றார் அப்பா. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அத்தை மட்டும் வேறு மாதிரி நினைத்தாள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டே அம்மாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"எனக்குக் கை போச்சு அண்ணி. கழுத்து வெட்டு சரியா உக்கார்றதில்ல போல. மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம நின்னுட்டாங்க."

"சும்மா எதையாவது சொல்லாத."

"இல்ல அண்ணி. இத்தனை பேரு ஒரே நேரத்துல நிக்கறாங்கன்னா என்கிட்டதான் ஏதோ தப்பு."

அதற்குப் பிறகு தன் ஜாக்கெட்டுகளையே எடுத்துத் தையலைப் பிரித்துப் பிரித்து மறுபடியும் தைத்துப் பார்ப்பாள். கரண்ட் போனால் மெஷின் மேல் கையை வைத்தபடி இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். என் சாப்பாடு என் மெஷினில் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தவள், அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். சோறு இரண்டாம் முறை போட்டுக்கொள்வதையும் நிறுத்திவிட்டாள்.

இப்போது நினைத்தால் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. சுடிதாரும் காரணமில்லை, கையும் காரணமில்லை. தெருவில் போகிற பெண்களுக்குத் தங்கள் துணி ஆயிற்றா இல்லையா என்று பார்க்க வழியில்லை, அவ்வளவுதான். பெட்ஷீட் போர்த்திய கதவைத் தட்டி, குருவியைக் கத்தவிட்டு, மெஷினில் இருக்கிறவளை எழுப்பி வரவழைத்துக் கேட்பதற்கு அவர்களுக்குக் கூச்சம். நவிலு பாகிலுக்காரர்கள் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன் என எதிர் வீட்டு ஆண்ட்டியே பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். படித்தவர், ஆபீஸ் போகிறவர், எல்லோரும் இருந்த வீட்டில் இது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

ஆனேக்கல்காரர்கள் பெண் பார்க்க வருகிற நாள் வந்தது. அக்காவுக்கு அத்தைதான் ஜாக்கெட் தைத்தாள். இலைப்பச்சைப் பட்டில், தன் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, பயந்து பயந்து தைத்தாள். அக்கா போட்டுப் பார்த்ததும் சுற்றிச் சுற்றி வந்து தோளை நீவிவிட்டாளே தவிர, நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

அன்று காலையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கதவை வைத்து ஒரு சின்ன யுத்தம். கதவைச் சாத்தி வைத்தால்தான் வருகிறவர்களுக்குச் செதுக்கல் நேராகக் கண்ணில் படும், அவர்கள் பெல்லை அடிப்பார்கள், நாம் திறப்போம் என்பது அப்பாவின் திட்டம்.

"நல்ல காரியத்துக்கு வர்றவங்க மூஞ்சியில யாராவது கதவச் சாத்தி வெப்பாங்களாங்க?" என்றாள் அம்மா.

கடைசியில் பாதி திறந்து வைப்பது என்று சமாதானமானார்கள். பெட்ஷீட் எடுக்கப்பட்டது. அப்பா தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு தடவை துடைத்தார். வந்தவர்களில் ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. செருப்பை எங்கே விடுவது என்று கீழே பார்த்தார்கள், உள்ளே யார் யார் நிற்கிறார்கள் என்று மேலே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் ஷூவைக் கழற்ற ஒற்றைக் காலில் நின்றபோது, வியர்த்த உள்ளங்கையைக் கலசத்தின் மேலேயே நன்றாக ஊன்றிக்கொண்டார். அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும்.

அத்தை சமையலறையில் இருந்தாள். நீ வெளியே வராதே என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டவள் இந்த மாதிரி நேரத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பதை அவளே எடுத்துக்கொண்டாள். நான் தட்டு எடுத்துக்கொடுக்க அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். கூடத்தில் பேசுவது அப்படியே கேட்டது.

"ஜாக்கெட் எவ்ளோ அம்சமா உக்காந்திருக்கு பாரு," என்றது மாப்பிள்ளையின் அம்மா குரல். "எங்க ஊர்ல தோள் இந்த மாதிரி வெக்க ஒருத்தருக்கும் வராது. யார் தைச்சதுங்க?"

அத்தையின் கையில் பஜ்ஜிக் கரண்டி. அது அப்படியே நின்றது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ மாதங்களாக அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. கை போகவில்லை. ஆனேக்கல்லிலிருந்து வந்த, அவளைத் தெரியாத ஒருத்தி சொல்கிறாள், கை போகவில்லை.

"கடையில குடுத்து தைச்சதுங்க," என்றார் அப்பா. "கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல."

எண்ணெயில் கிடந்தது கருகத் தொடங்கியது. அத்தை திருப்பிப் போட்டாள். என்னிடம், "தட்டு எடு கண்ணு, ஆறிடப் போவுது" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்புப் பக்கமே திரும்பி நின்றுகொண்டாள். அப்பா நல்ல மனிதர், இன்றும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அன்று எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

இடம் கூடி வந்தது. நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அப்பா ஒரு பெரிய துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே பட்டுத் துணிகள், அளவுக்குப் பழைய ஜாக்கெட்டுகள். "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அந்தக் கடையிலயே தைக்கக் குடுத்துடுங்க சம்பந்தி. வேற எங்கயும் வேணாங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பை பீரோ மேலேயே கிடந்தது. அப்பா அதன் பக்கம் பார்க்காமலே நடமாடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு முடித்த நேரத்தில் பையை எடுத்துவந்து மெஷின் மேல் வைத்தார்.

"இதையும் கொஞ்சம் பாத்துடும்மா."

அத்தை ஒவ்வொரு துணியாக எடுத்து மடியில் வைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மடித்துப் பைக்குள்ளேயே வைத்தாள்.

"இது கடையில தைக்க வேண்டியதாச்சேண்ணா. நான் வீட்ல தைக்கறவ."

அப்பா தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தம்மா கடையப் பாக்கணும்னு வந்து நின்னா எங்க கூட்டிட்டுப் போவீங்க?" அத்தை கோபமாகப் பேசவில்லை. இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். "மாவு மில்லு பக்கத்துல டெலிபோன் பூத் இருந்த எடம் காலியா இருக்கு. நான் கேட்டுட்டேன். கடைன்னு சொல்லிட்டீங்க இல்ல, கடை போட்டுடறேன்."

"வீட்டுப் பொம்பளை கடை போட்டு ரோட்டுல உக்காந்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

அதுவரை பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்த அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "நீங்க சொன்னதத்தான் சொல்வாங்க. கடையில தைச்சதுன்னு."

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்ட நாட்கள் அதிகமில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மெஷினைத் தூக்கிப் போக அத்தை பால்காரரை வரச் சொல்லியிருந்தாள். சந்துக்குள் வண்டி வராது, கையில்தான் கொண்டுபோகவேண்டும். அன்று அப்பாவுக்கு ஆபீஸ் இருந்தது. டிபன் பாக்ஸ் கட்டி, வாசலில் செருப்பு மாட்டியவர், பால்காரர் தனியாக அந்த இரும்புக் காலைப் பிடித்துத் திணறுவதைப் பார்த்தார். டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை உதறினார், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். மறுபக்கம் போய்ப் பிடித்தார்.

அடைமழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கதவு உப்பித்தான் இருந்தது, முக்கால்வாசிக்கு மேல் திறக்கவில்லை. மெஷினைச் சாய்த்து வெளியே எடுக்கும்போது அதன் இரும்பு மூலை செதுக்கலின் மேல் கர்ரென்று இழுத்துக்கொண்டே போயிற்று. கலசத்திலிருந்து கொடி வரைக்கும் நீளமாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் ரோஸ்வுட் போய் வேங்கையின் மஞ்சள் தெரிந்தது. பால்காரர் பயந்து நின்றுவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"பரவால்ல, நட" என்றார்.

படியிறங்கி இரண்டு பேரும் மெஷினை ஆட்டி ஆட்டிக் கொண்டுபோனார்கள். பின்னால் அம்மா, அக்கா, டிபன் பாக்ஸோடு நான். கடைசியில் அத்தை, கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பட்டுத் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. எதிர் வீட்டு ஆண்ட்டி கோலத்தை விட்டு நிமிர்ந்தார்.

"ஏன் சார், மெஷின் எல்லிகெ?" என்ன சார், மெஷின் எங்கே போகிறது என்று.

அப்பா நின்றார். மெஷினைக் கீழே வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவு மில் என்று சொல்லியிருக்கலாம், ரிப்பேருக்கு என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"நம்ம தங்கி அங்கடிகெ," என்றார். என் தங்கை கடைக்கு. சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை காலியாக இல்லை.

"பாத்துத் தூக்குங்கண்ணா," என்றாள். "முன்னால கல்லு இருக்கு."